சுரங்கத்தில் இல்லாத ஆள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் போன் செய்தாள். ஒரு காலத்தில் என்னோடு வேலை பார்த்தவள்; பதினோரு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வரலாமா, தொந்தரவு இல்லையே என்று கேட்டாள். வரலாம் என்றேன். போனை வைத்ததும் எண்ணினேன். வியாழன் ஐந்து மணியிலிருந்து ஞாயிறு பதினொன்று வரை அறுபத்தாறு மணி நேரம்.

அந்த அறுபத்தாறு மணி நேரத்துக்குள் நான் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவள் சொல்லாத ஒரு வாக்கியத்தை, அவள் சொன்னதாக நான் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதனால் அவள் வேலை கெட்டது. அவளோ அதைத் தான் சொன்னதாகவே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடுவதா, வேண்டாமா?

என் மனைவிக்கு இந்த விஷயம் தெரியும். நடந்த வாரமே அவளிடம் சொன்னேன். மறுநாளே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் ரத்த அழுத்த மாத்திரைகளை மேஜையில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"நேத்திலேர்ந்து மூணு தடவை எண்ணியாச்சு. மாத்திரை குட்டி போடாது. அந்தப் பொண்ணு வந்தா சொல்லப்போறீங்களா, இல்லை அவளுக்கும் மாத்திரை எண்ணிக் காட்டப்போறீங்களா?"

மாத்திரைகளை டப்பாவில் போட்டேன். பத்தொன்பது இருந்தன.

நான் வேலை பார்த்தது தலைநகரில் லோதி ரோடு பக்கம், சிப் வடிவமைக்கும் ஓர் அரசு நிலையத்தில். ஒரு சிப்பைச் செய்வதற்கு முன்னால் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கணிப்பொறியில் வரி வரியாக எழுதுவார்கள். எழுதுகிறவர் டிசைனர். எழுதியது சரிதானா என்று எல்லாக் கோணத்திலும் போட்டுப் பார்ப்பது வெரிஃபிகேஷன்காரர் வேலை. நான் வெரிஃபிகேஷன். ஃபாக்டரிக்குப் போய்ச் சிலிக்கானாக வந்த பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்பதால், அனுப்புவதற்கு முன்னால் வெரிஃபிகேஷன்காரன் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தச் சோதனைக்கென்றே தனி மொழி ஒன்று இருக்கிறது. அதை நான் ஐம்பத்திரண்டாவது வயதில் கற்றுக்கொண்டேன். டிசைனுக்குள் எந்த மாதிரி சிக்னல்கள் போகலாம், எவை போகக்கூடாது என்று அந்த மொழியில் ஒரு வேலி போடுவோம். வேலிக்குள்ளே கணிப்பொறி தன் இஷ்டத்துக்குப் பகடை உருட்டி லட்சக்கணக்கில் சிக்னல்களை அனுப்பும். டிசைன் தப்பாகப் பதில் சொன்னால் சிவப்பு எழுத்தில் கத்தும். எந்தெந்தச் சூழ்நிலைகளைப் பார்த்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி வைப்பதும் உண்டு. அந்தச் சூழ்நிலை ஒருமுறை நடந்துவிட்டால் கட்டம் பச்சையாகும். எல்லாம் பச்சையானால் நூறு சதவீதம். சிறுவயதிலிருந்தே படிகளையும் பஸ் ஜன்னல்களையும் எண்ணிக்கொண்டு நடந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைத்திருக்காது. அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கட்டத்தின் சூழ்நிலை நிஜத்தில் நடக்கவே முடியாது என்றால், அதைக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். ஆனால் சும்மா விலக்க முடியாது. பக்கத்தில் காரணம் எழுத வேண்டும், யாரைக் கேட்டு எழுதினோம் என்றும் போட வேண்டும். டிசைனரின் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் சொல்ல வந்த சிப், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களையும் ஏறி வருகிறவர்களையும் எண்ணுவதற்கானது. சுரங்கத்துக்கு இரண்டு வாசல். தொழிலாளியின் இடுப்புப் பட்டையில் ஓர் அட்டை. வாசலைத் தாண்டி உள்ளே போனால் ஒன்று கூடும், வெளியே வந்தால் ஒன்று குறையும். வேலை நேரம் முடிந்து பலகையில் பூஜ்யம் தெரிந்தால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். பூஜ்யம் தெரியாவிட்டால், தெரியும்வரை தேட வேண்டும். இதுதான் விதி. சின்ன சிப்தான். ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு கட்டங்கள் போட்டிருந்தேன்.

அதற்கு அவள்தான் டிசைனர். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. அப்பா மத்திய அரசில் நாற்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலேயே வளர்ந்தவள் என்றாலும் வீட்டில் திருநெல்வேலித் தமிழ். நடுநடுவே இந்தி வந்து விழும். நான் துவாரகாவில் ஏறும், ஆபீஸ் போகிறவர்களுக்கான சார்ட்டர்ட் பஸ்ஸில் அவள் லக்ஷ்மிபாய் நகரில் ஏறுவாள். அங்கிருந்து ஆபீஸுக்குப் பன்னிரண்டு நிமிடம். பஸ்ஸில் பழகியதால் ஆபீஸிலும் என்னை அங்கிள் என்றே கூப்பிடுவாள். மற்ற எல்லோருக்கும் நான் சார்.

அவளிடம் ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "பாத்துட்டுச் சொல்லுதேன் அங்கிள்" என்பாள். போய்த் தன் புரோகிராமைத் திறந்து, நான் கேட்ட இடத்தையும் அதற்கு முன்னும் பின்னும் வாசித்து, அரை நாள் கழித்தோ ஒரு நாள் கழித்தோ என் மேஜைக்கு வந்து சொல்வாள். அந்த சிப்பில் இருபத்தாறு கட்டங்களை விலக்கினோம். இருபத்தாறுக்கும் அவள் இப்படிப் பார்த்து, என் மேஜை அருகே நின்று சொன்னாள். நான் அவள் முதலெழுத்துகளைப் போட்டேன். அந்த இருபத்தாறும் உண்மை.

இருபத்தேழாவதுதான் நான் எழுதியது.

வேலை தொடங்கிய முதல் வாரத்தில், டிசைனுடன் ஒப்பிட்டுப் பார்க்க நான் தனியாக ஒரு கணக்குப் பகுதி எழுதினேன். ஒருவர் உள்ளே போகும் அதே கணத்தில் இன்னொருவர் வெளியே வந்தால் என்ன செய்வது என்பதை அதில் இன்னும் எழுதியிருக்கவில்லை. எனவே, இரண்டு சிக்னலும் ஒரே கணத்தில் வராது என்று தற்காலிகமாக ஒரு வேலி போட்டேன். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதினேன். அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். அந்த வேலி நூற்று நாற்பத்து மூன்று நாள் அங்கேயே நின்றது.

கையெழுத்துப் போடும் நாள் வந்தது. ஒரு பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு டைரக்டர் அறையில் கூட்டம். நூறு சதவீதம் வந்தால் வெரிஃபிகேஷன்காரன் இனிப்பு வாங்கித் தருவது எங்கள் ஆபீஸ் வழக்கம். காலையில் திரையில் 99.92 என்று இருந்தது. ஒரே ஒரு கட்டம் பாக்கி. மத்தியானச் சோதனை ஓட்டத்தில் நிரம்பிவிடும் என்று நம்பி, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ காஜு கத்லி வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டேன். எழுபத்திரண்டு துண்டுகள். மூன்றே முக்காலுக்குத் திரையைப் பார்த்தேன். 99.92.

அப்போதுதான் அந்தக் கட்டம் எது என்று திறந்து பார்த்தேன். ஒரே கணத்தில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. எத்தனை லட்சம் தடவை பகடை உருட்டினாலும் அது நிரம்பாது. நிரம்ப விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது என் வேலி.

வேலியை எடுத்தால் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டு நாள் ஆகும். டைரக்டர் வராந்தாவில் போகும்போது தலையை நீட்டி, "நம்பர் கித்னா ஹுவா?" என்று சதவீதத்தைக் கேட்டுவிட்டு, இனிப்புப் பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். என் மேஜையிலிருந்து அவள் மேஜைக்கு நடந்தால் முப்பத்தொரு எட்டு. அவள் இருந்தாள். தலை குனிந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டிருந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பாத்துட்டுச் சொல்லுதேன் அங்கிள். அதற்கு ஒரு நாள் போகும்.

எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். சிப்பின் ஒரு கணம் என்பது நொடியில் பல லட்சத்தில் ஒரு பங்கு. அந்த இம்மிக்குள் இரண்டு வாசலில் இரண்டு ஆள் சரியாகக் கால் வைப்பது எந்த ஜென்மத்தில் நடக்கும்? கட்டத்தை விலக்கினேன். காரணம் எழுதும் இடத்தில், 'ஒரே கணத்தில் இரண்டும் வர முடியாது; டிசைனர் சொன்னபடி' என்று எழுதி, அவள் முதலெழுத்துகளைப் போட்டேன். மேலே இருந்த இருபத்தாறு வரிகளைப் போலவே அதுவும் இருந்தது. திரையில் நூறு வந்தது. ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். அவள் காஜு கத்லி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள், ஒன்று அவள் அப்பாவுக்கு.

நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. வாசல்களில் அட்டையைப் படிக்கும் கருவிகள் இரண்டும், தாங்கள் படித்ததை நொடிக்கு ஒருமுறை, ஒரே மணியடிப்பில் சிப்புக்கு அனுப்புகிறவை. ஆகவே ஒரு நொடிக்குள் ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் போதும். சிப்புக்கு அது ஒரே கணம்தான். நான் ஜென்மத்தில் நடக்காது என்றது, ஒரு நாளில் எத்தனை தடவையும் நடக்கக்கூடியது. அவளுடைய புரோகிராமிலோ, உள்ளே போகிற சிக்னலை முதலில் பார்க்கும். அது இல்லாவிட்டால்தான் வெளியே வருகிறதைப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் ஒன்றைக் கூட்டும், குறைக்க மறந்துவிடும். அந்தப் பிழை அவளுடையதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிசைனர் பிழை செய்வார் என்பதற்காகத்தான் என்னை வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள்.

நாலு மாதம் கழித்து சிப் வந்தது. ஒரு சுரங்கத்தில் வெள்ளோட்டம் விட்டார்கள். காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். மாலையில் எல்லோரும் ஏறி வரும்போது, ஒருவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்ததால் முதல் வாசல் வழியாகத் திரும்ப உள்ளே போனார். அதே நொடியில் இரண்டாவது வாசலில் ஒருவர் வெளியே வந்தார். டப்பாவை எடுக்கப் போனவரும் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். பலகையில் 1 என்று நின்றது.

பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். ஆனாலும் பலகையைத்தான் நம்ப வேண்டும் என்பது விதி. பதினைந்து பேர் கொண்ட மீட்புக் குழு உள்ளே இறங்கி, இல்லாத ஓர் ஆளை மூன்று மணி நேரம் தேடியது. தேடியவர்களில் ஒருவர் ஈரப் பாறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. இடது கால் என்று மட்டும் அறிக்கையில் படித்தேன்.

விசாரணைக் கூட்டத்தில் ஒன்பது பேர் இருந்தோம். டைரக்டர் விலக்கப்பட்ட கட்டங்களின் பட்டியலை எடுத்து இருபத்தேழாவது வரியை வாசித்தார். முதலெழுத்துகளையும் வாசித்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யோசித்தாள். நினைவில்லை, ஆனால் எழுதியிருக்கிறதே, சொல்லித்தான் இருப்பேன் என்று இந்தியில் மெல்லச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பஸ்ல வச்சு எப்பமாவது கேட்டிருப்பிய, இல்லியா அங்கிள்?" என்றாள்.

அவள் என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. தன் ஞாபகத்துக்கு ஒரு கை கொடுக்கச் சொல்லிக் கேட்டாள்.

"இருக்கலாம்மா" என்றேன்.

எழுதியது ஒரு பொய். இது இரண்டாவது. முதலாவதை அவசரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி எதுவும் கிடையாது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு, அந்தத் தற்காலிக வேலியை எடுத்துவிட்டு, அவளுடைய பழைய புரோகிராமை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலு செகண்டில் சிவப்பு எழுத்து வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நாலு செகண்ட். அந்த ஓட்டத்தின் பதிவை அழித்தேன். என்னிடம் இருப்பதில் இது மூன்றாவது. இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த சிப்புக்கு அவள்தான் தலைமை டிசைனர் என்று பேச்சு இருந்தது. அது போயிற்று. கையேடு எழுதும் பிரிவில் போட்டார்கள். பஸ்ஸில் பழையபடி ஏறுவாள், பக்கத்தில் உட்காருவாள், என் சர்க்கரை அளவை விசாரிப்பாள். அவள் ஏறும் நிறுத்தம் வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாகக் காட்டிய நாட்களும் உண்டு. அவற்றையும் எண்ணினேன், முப்பதுக்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். என் கையிலிருந்து ஒரு பிழையும் தப்பியதில்லை என்று டைரக்டர் பேசினார். அவளும் கை தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் லிஃப்ட் வாரம் இரண்டு நாள் வேலை செய்யாது. அன்றும் செய்யவில்லை. அறுபத்தெட்டு படி ஏறி, லேப்டாப் பையோடு மூச்சு வாங்க நின்றாள். முன்நெற்றியில் நரை.

"எப்படி அங்கிள் இருக்கிய? எத்தன படின்னு கேளுங்க."

"அறுபத்தெட்டு."

"நான் எழுவதுன்னு எண்ணுனேன். உங்க கூடப் பழகுன தோஷம், இன்னும் போவல."

கட்டட முகப்புப் படியையும் எங்கள் வாசல் படியையும் சேர்த்திருப்பாள். மனைவி காபி கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போனாள்.

அவள் விவரம் சொன்னாள். கையேட்டுப் பிரிவில் மூன்று வருடம் இருந்துவிட்டு வெளியேறி, இப்போது புது இன்ஜினியர்களுக்கு வெரிஃபிகேஷன் சொல்லித் தருகிற ஓர் இடத்தில் வேலை. டிசைனை விட்டுவிட்டு என் தொழிலுக்கு வந்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை பெரிய கூட்டம் ஒன்றில் பேச வேண்டும். 'நான் செய்த தவறு' என்பது தலைப்பு. சுரங்கச் சிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறாள். அப்போது கூட இருந்தவர் நான் என்பதால், ஒருமுறை பார்த்துத் தவறிருந்தால் சொல்ல வேண்டும்.

லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். ஆறாவது பக்கத்தில் ஒரு பஸ்ஸின் படம் இருந்தது.

"இதுதான் முக்கியம் அங்கிள். அன்னைக்கு மூடுபனி. ஜோர் பாக் சிக்னல்ல பஸ் நின்னுட்டுது. நான் கின்னு ஆரஞ்சு உரிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க, ரெண்டும் ஒண்ணா வருமாம்மான்னு கேட்டிய. நான் பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லல. வாயில சுளைய வச்சுக்கிட்டு, வராதுன்னுட்டேன். வாழ்க்கையில அந்த ஒரு தடவதான் பாக்காம சொன்னேன்."

மூடுபனி உண்மை. ஜோர் பாக் சிக்னல் உண்மை. அவள் எனக்கு நாலு சுளை கொடுத்ததும் உண்மை. அவள் சொல்லச் சொல்ல, என் வரிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு காலைப் பொழுதையே அவள் தன் தலைக்குள் கட்டிவைத்திருக்கிறாள் என்று புரிந்தது. அதைக் கட்டக் கல் நான் கொடுத்தது.

"அன்னைக்கு நான் கேட்டது உங்க அப்பாவோட கண் ஆபரேஷனைப் பத்திம்மா. சிப்பைப் பத்தி இல்லை" என்றேன்.

அவள் சிரித்தாள். "அது வேற நாளா இருக்கும்."

"வேற எந்த நாளும் இல்லை. அந்தக் கட்டத்தைப் பத்தி நான் உன்கிட்ட கேட்கவே இல்லை. நானா எழுதினேன். உன் பேரோட முதலெழுத்தைப் போட்டேன்."

சமையலறையில் குக்கர் முதல் விசில் அடித்தது. அவள் லேப்டாப்பில் இருந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலியைப் பற்றிச் சொன்னேன். நூற்று நாற்பத்து மூன்று நாளைச் சொன்னேன். இனிப்புப் பெட்டியைச் சொன்னேன். முப்பத்தொரு எட்டையும் சொன்னேன். சொன்னபோது அந்த எண்களெல்லாம் அசிங்கமாக இருந்தன. இரண்டாவது விசில் வந்தது.

அவள் இன்ஜினியர். அழுவாள் அல்லது கோபப்படுவாள் என்று அறுபத்தாறு மணி நேரம் நான் தயாராகியிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த வேலிய எடுத்துட்டு அப்புறம் ஓட்டிப் பாத்தியளா?"

"பார்த்தேன். விசாரணை நடந்த அன்னைக்கு."

"எவ்வளவு நேரத்துல சிவப்பு விழுந்துது?"

"நாலு செகண்ட்."

"நாலு செகண்ட்" என்று திருப்பிச் சொன்னாள். சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி. கையில் கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். நாற்பது வருடம் ஃபைலோடு வாழ்ந்த மனிதர். அபிப்பிராயத்தை வாயால் சொல்லாதே, எழுத்தில் கொடு என்று மகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லி வளர்த்தவர். அந்த விசாரணைக்குப் பிறகு, மகள் பஸ்ஸில் வாய்வார்த்தையாகச் சொல்லிக் கெட்டாள் என்பது அவருக்குத் தீராத குறையாகிவிட்டது. சாப்பிடும்போது நடுவில் நிறுத்திவிட்டு, ஏம்மா அப்படிச் சொன்னே என்று கேட்பாராம். மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்துபோனார்.

"ஆஸ்பத்திரியில வச்சுக்கூடக் கேட்டாவ" என்றாள். "நான் ஸாரிப்பா, இனிமே சொல்ல மாட்டேன்னேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே, செய்யாததற்காக, வேறொருவரிடம் சொல்லி முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அதை நான் எடுத்துப் பேசுவது எப்படி?

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். எழுந்து நின்று, "நான் ஒருவேளை பாத்துட்டும் வராதுன்னே சொல்லியிருப்பேனோ என்னமோ. அது தெரியாது. ஆனா நீங்க வந்து கேட்டிருந்தா, அன்னைக்கே புரோகிராமைத் திறந்து பாத்திருப்பேன்" என்றாள். காபி பாதி அப்படியே இருந்தது. மனைவியிடம் மாமி வாரேன் என்றாள். என்னிடம், "வாரேன் சார்" என்றாள்.

அறுபத்தெட்டு படியும் இறங்கும்வரை செருப்புச் சத்தம் கேட்டது. நான் எண்ணவில்லை. மனைவி கேட்டாள், அந்த நாலு செகண்டை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று. பாதி இருந்த காபியை நான் எடுத்துப் போய்க் கொட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் பழைய ஆபீஸின் இப்போதைய தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தச் சிப்பின் விலக்கப்பட்ட கட்டங்களில் இருபத்தேழாவது வரி பொய், டிசைனரைக் கேட்கவில்லை, எழுதியது நான், விசாரணையில் மறைத்தது நான், மறுபடி ஓட்டிப் பார்த்த பதிவை அழித்தது நான், அவர் பெயரை அந்த வரியிலிருந்தும் விசாரணை அறிக்கையிலிருந்தும் எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும் என்று ஒன்பது வரி. என் முழுப் பெயரையும் ஓய்வூதிய எண்ணையும் கீழே போட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எழுத வேண்டியது.

நாலாவது நாள் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கோப்பு இருக்கிறது. பழைய பதிவைத் திருத்த ஒரு வழிமுறை உண்டு. அதில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள டிசைனர், அப்படித் தாம் சொல்லவில்லை என்று எழுத்தில் உறுதி தந்தால் பரிசீலிக்கலாம்.

அதாவது அவளைக் கேட்க வேண்டும்.

இரண்டு நாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் அவள் பேச வேண்டிய சனிக்கிழமை வந்து போயிற்று. அந்த ஆறாவது பக்கத்தை என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். ஆபீஸ் பதிலை வாசித்துக் காட்டி, அவளால் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

"என் பேரைப் போடுறதுக்கு அப்பம் என்னைக் கேக்கத் தேவைப்படல. எடுக்கறதுக்கு இப்பம் நான் எழுதித் தரணுமாக்கும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"ஆமாம்மா."

"அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்புங்க. பழைய பட்டியலையும் கேட்டு வாங்கி அனுப்புங்க, இருபத்தேழு வரியும். பாத்துட்டுச் சொல்லுதேன் சார்."

இரண்டையும் அன்றே அனுப்பிவிட்டேன். இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. மறுபடி கூப்பிட்டு நினைவுபடுத்தலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் பார்க்கட்டும், நீங்கள் பொறுங்கள் என்றாள். பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.